ஆயிரமாவது பேய்

எங்கள் ஊரில் கார்த்திகை மாதம் இரண்டு திருவிழா நடக்கும். ஒன்று அண்ணாமலையாருக்கு, மற்றொன்று பையன்களுக்கு. அண்ணாமலையாருக்கு நடப்பது உலகம் அறிந்த விஷயம். கொடி ஏறும், காலையும் இரவும் வாகனங்கள் புறப்படும், ஏழாம் நாள் தேர் ஓடும், பத்தாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, 2,668 அடி உயரத்து மலையுச்சியில், கொப்பரையில் தீபம் ஏறும். கீழே நிற்கிற லட்சக்கணக்கான ஜனங்கள் ஒரே குரலில் அரோகரா என்பார்கள்.

பையன்களுடைய திருவிழா மாட்டுச் சந்தைக்குப் பக்கத்து மைதானத்தில் நடக்கும். லாரியிலிருந்து ராட்டினத்தின் இரும்புக் கழிகளை இறக்குகிற சப்தம் கேட்டால் அதுதான் அதற்குக் கொடியேற்றம். ராட்டினம், மரணக் கிணறு, தலை மட்டும் பெண்ணாகவும் உடம்பு பாம்பாகவும் உள்ள அதிசயப் பிறவி, வளையம் எறிந்து சோப்பு டப்பா ஜெயிக்கிற கடை, எல்லாவற்றுக்கும் கோடியில் ஒரு பேய் வீடு. பெரியவர்கள் முதல் திருவிழாவுக்கென்று புறப்பட்டு வந்து, இரண்டாவது திருவிழாவில் மணிபர்ஸைக் காலி செய்துகொண்டு ஊர் திரும்புவார்கள்.

வேடிக்கை என்பது எல்லா ஊருக்கும் பொதுவானது என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ராட்டினம் சுற்றினால் எந்த ஊர்க் குழந்தையும் கத்தும். பேயைக் கண்டால் எந்த ஊர் மனிதனும் பயப்படுவான். இதில் ஊருக்கு ஊர் என்ன வித்தியாசம் இருக்க முடியும் என்பது என் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயம் மெள்ள மெள்ளக் கரைந்துபோயிற்று. அது கரைந்த கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் எங்கள் ஊர் வேடிக்கை ஒன்றைச் சொல்கிறேன். வேடிக்கை என்று சொன்னதற்காகப் பிள்ளையார் என்னை மன்னிக்கவேண்டும். கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் குபேர லிங்கத்துக்குப் பக்கத்தில் இடுக்குப் பிள்ளையார் கோயில் இருக்கிறது. பெயருக்குத்தான் கோயில், பார்த்தால் ஒரு சின்னக் கல் மண்டபம். பின்பக்கத்துத் துவாரத்தில் தலையை விட்டு, ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து, முன்பக்கமாக வெளியே வரவேண்டும். தலைவலி போகும், இடுப்புவலி போகும், பிள்ளையில்லாதவர்களுக்குப் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை. பௌர்ணமி இரவில் கொஞ்ச நேரம் அங்கே நின்று பாருங்கள். கனத்த சரீரமுள்ள ஓர் அம்மாள் உள்ளே நுழைந்ததும் வெளியே நிற்கிற அத்தனை பேருக்கும் மூச்சு நின்றுவிடும். “தோளைச் சாய்ச்சுக்கோம்மா!” “இடது கையை முன்னாலே நீட்டு!” என்று முன்பின் தெரியாதவர்களெல்லாம் யோசனை சொல்வார்கள். அந்த அம்மாளின் தலை முன்பக்கம் தெரிந்ததுதான் தாமதம், சிரிப்பும் கைதட்டலும் அரோகராவும் ஒன்றாகக் கிளம்பும்.

யோசித்துப் பார்த்தால் இதில் பயம் இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது, நீண்ட வரிசை இருக்கிறது, வெளியே வந்ததும் புதிதாகப் பிறந்தாற்போல ஒரு திருப்தி இருக்கிறது. உலகத்துக் கேளிக்கைப் பூங்காக்காரர்கள் கோடி கோடியாகக் கொட்டித் தேடுவதும் இந்த நாலையுந்தானே? ஆனால் அந்த மண்டபத்தைக் கல் கல்லாகப் பெயர்த்து அமெரிக்காவில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? முதல் நாளே யாராவது ஒருவர் நடுவில் மாட்டிக்கொள்வார்; மறுநாள் வக்கீல் வந்து நிற்பார். கல்லைக் கப்பலில் ஏற்றலாம். உள்ளே நுழைகிற அம்மாள் மனசில் இருப்பதை எந்தக் கப்பலில் ஏற்றுவது?

நம்முடைய கேளிக்கைப் பூங்காக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது. 1995இல் தாம்பரத்துப் பக்கம் நவோதயா அப்பச்சன் ஒரு பூங்கா திறந்தார். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமாகிய ‘மை டியர் குட்டிச்சாத்த’னை 1984இல் தயாரித்தவர் அவர். குட்டிச்சாத்தானையே குழந்தைகளுக்குச் சிநேகிதனாக்கிய மனிதருக்குப் பூங்காவுக்குப் பெயர் வைப்பதா பெரிய காரியம்? ‘கிஷ்கிந்தா’ என்று வைத்தார். வாலியும் சுக்ரீவனும் ஆண்ட குரங்கு ராஜ்யம்! உத்தியோகத்தில் இருக்கிற கௌரவமான மனிதர்கள் தொப்பலாக நனைந்துகொண்டு கத்திக் குதிப்பதற்கு இதைவிட நல்ல அனுமதிச் சீட்டு வேறென்ன வேண்டும்? இங்கிலீஷில் ஏதாவது பெயர் வைத்திருந்தால் பாதிப்பேர் வாசலிலேயே சட்டைப் பொத்தானைச் சரி செய்துகொண்டு திரும்பியிருப்பார்கள்.

சென்னைக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. பூங்காவில் பல வருஷங்களாகப் பெயர் வாங்கிய ‘சிலை மனித’ரையும் நினைத்துப் பாருங்கள். தலைப்பாகையும் பெரிய மீசையுமாக ஒரு மனிதர் அசையாமல் நிற்பார். லண்டனில் அரண்மனைக் காவலாளி அசையாமல் நிற்பதைப் பார்த்துத் தோன்றிய யோசனை அது என்று சொல்வார்கள். லண்டனில் அந்த அசையாமை ராஜாங்கத்தின் கௌரவம். இங்கே வந்ததும் நம் ஜனங்கள் அதை ஒரு போட்டியாக்கிவிட்டார்கள். எப்படியாவது அந்த மனிதரைச் சிரிக்க வைத்துவிட வேண்டும்! முகத்தைக் கோணிக் காட்டுவார்கள், ஹாஸ்யம் சொல்வார்கள், குழந்தையைத் தூக்கி அவர் மூக்குக்கு நேரே நீட்டுவார்கள். கடைசியில் அவர் சிரிக்காமல், நீட்டினவர்களும் சுற்றி நின்றவர்களும் சிரித்துக்கொண்டு போவார்கள். வந்த சரக்கு லண்டன் சரக்கு. அதில் சிரிப்பு நாம் சேர்த்தது.

அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி 1955இல் டிஸ்னிலாந்தைத் திறந்தபோது அது அமெரிக்கருக்கென்று அமெரிக்கர் செய்த சந்தை. பிறகு அந்தச் சந்தை கடல் தாண்டியது. 1983இல் டோக்கியோவுக்குப் போயிற்று. அமெரிக்காவில் வாசலை அடுத்து, பழைய அமெரிக்க ஊர் ஒன்றின் கடைத்தெருவைப் போலத் திறந்த வீதி ஒன்று இருக்கும். டோக்கியோவில் மழை அதிகம் என்று அந்த வீதி முழுவதற்கும் கண்ணாடிக் கூரை போட்டுவிட்டார்கள். 1992இல் பாரிஸ் பக்கம் போயிற்று. அங்கே குளிருக்குக் கணப்பு எல்லாம் வைத்தார்கள். ஆனால் பூங்காவுக்குள் திராட்சை ரசம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரனைச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்துத் திராட்சை ரசம் இல்லையென்று சொல்வது, கும்பகோணத்து மனிதரைக் காலை ஆறு மணிக்கு எழுப்பிக் காப்பி கிடையாது என்று சொல்வதற்குச் சமானம். ஒரு வருஷத்தில் பிடிவாதம் தளர்ந்தது. 1993இல் திராட்சை ரசம் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

வயிறும் மழையும் இருக்கட்டும். அவை சுலபமான சமாசாரங்கள். கூரை போட்டால் மழை தீரும். புட்டியைத் திறந்தால் தாகம் தீரும். பேய் வீடு அப்படியில்லை.

டிஸ்னிலாந்துப் பேய் மாளிகை 1969இல் திறந்தது. வால்ட் டிஸ்னி அதைப் பார்க்க இல்லை; மூன்று வருஷம் முன்பே, 1966இல், காலமாகிவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் வெள்ளைத் தூண்களோடு பளிச்சென்று இருக்கும். பாழடைந்த வீடு தம் பூங்காவில் நிற்பது அவருக்குச் சம்மதமில்லையாம். உள்ளே 999 பேய்கள் சந்தோஷமாகக் குடியிருக்கின்றன என்று ஒரு குரல் சொல்லும். ஆயிரமாவதுக்கு ஓர் இடம் காலி, யார் வருகிறீர்கள் என்று கேட்கும். எல்லாம் முடிந்து வெளியே வருகிற சமயத்தில் ஒரு கண்ணாடி. அதில் பார்த்தால் நம் பக்கத்தில் ஒரு பேய் உட்கார்ந்திருக்கும்! அது நம்மோடு வீட்டுக்கு வரப்போகிறதாம். அமெரிக்கர்கள் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சாவு வீட்டுக்குப் போய்வந்து, வாசலிலேயே குளித்துவிட்டு உள்ளே நுழைகிற நம்மவர்களுக்கு அந்த இடத்தில் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த ஒரு மாளிகையை ஊர் ஊராகக் கொண்டுபோய் வைத்த கதைதான் வேடிக்கை. கலிபோர்னியாவில் அது பழைய நியூ ஆர்லியன்ஸ் நகரப் பகுதியில் இருந்தது. ப்ளோரிடாவில் 1971இல், அமெரிக்கா சுதந்திரம் வாங்கிய காலத்துச் செங்கல் வீடாக மாறிற்று. டோக்கியோவில் 1983இல் அதைக் கொண்டுபோய்த் தேவதைக் கதைகள் இருக்கிற பகுதியில் வைத்தார்கள். ஜப்பானியருக்குப் பேய்க்கதை என்றால் கோடைகாலத்துச் சமாசாரம். வேர்த்து விறுவிறுக்கிற இரவில் முதுகுத்தண்டு சில்லிட ஒரு பேய்க்கதை கேட்பது அவர்களுக்கு விசிறிக்குச் சமானம். பாரிஸில் 1992இல் அது அமெரிக்க மேற்குப் பிரதேசத்துச் சுரங்க ஊர் ஒன்றின் குன்றின்மேல், பாழடைந்து சிதைந்து நிற்கிற வீடாக ஆயிற்று. உள்ளே கும்மாளம் போடுகிற பேய்களுக்கு முன்னால் ஒரு மணப்பெண் வந்து நிற்கிறாள். மாப்பிள்ளை வரவேயில்லை, அவள் காத்துக்கொண்டே இருக்கிறாள். பிரெஞ்சுக்காரர்களுக்குப் பேய் போதாது, அதற்கு ஒரு காதல் சோகமும் வேண்டும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

ஹாங்காங்கில் என்ன செய்தார்கள் என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். அதற்குமுன் நம் ஊர் மைதானத்துக்கு ஒரு தரம் திரும்பவேண்டும்.

அது 1991ஆம் வருஷம். எனக்குப் பதினோரு வயது. ஆடி மாதத்தில் அப்பா காலமாகியிருந்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார்; நான்கு முழ வேட்டியும் வெள்ளை அரைக்கைச் சட்டையும் தவிர வேறு உடுத்தி நான் பார்த்ததில்லை. துக்க வருஷமாகையால் எங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. கார்த்திகையன்று தெருவெல்லாம் அகல் விளக்கு. எங்கள் திண்ணை மட்டும் இருட்டு. திருவிழாப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். இருந்தாலும் தீபத்துக்கு முதல் நாள் சாயங்காலம் நான் மைதானத்தில் இருந்தேன். கையில் ஒரு ரூபாய். அது எங்கிருந்து வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பேய் வீட்டைப்பற்றி என் வகுப்புப் பையன் ஒருவன் சொல்லியிருந்தான்: “உள்ளே செத்துப் போனவங்க எல்லாம் வருவாங்கடா.” அவன் சொன்னது என்னைப் பயமுறுத்துவதற்காக. எனக்கோ அது வேறு விதமாகக் கேட்டது.

வீடு என்றது தார்ப்பாயும் தகரமும் வைத்துக் கட்டிய ஒரு கொட்டகை. உள்ளே வளைந்து வளைந்து போகிற சந்து. இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிவப்புப் பல்பு. டேப் ரிக்கார்டரில் நரி ஊளை. முகத்தில் வந்து படுகிற ஈர நூல். முதல் திருப்பத்தில் ஓர் எலும்புக்கூடு. அது கறுப்புத் துணியில் சுண்ணாம்பால் வரைந்தது என்று எனக்கே தெரிந்தது. இரண்டாவது திருப்பத்தில் ஒரு வெட்டுண்ட தலை. எனக்கு முன்னால் போனவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். நான் நின்று நின்று, ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டு போனேன். மூன்றாவது திருப்பத்தில் இருட்டுக்குள்ளே வெள்ளைச் சட்டை போட்ட ஓர் உருவம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அரைக்கைச் சட்டை.

“அப்பா” என்றேன்.

உருவம் திரும்பிற்று. முகத்தில் மாவு பூசி, கண்ணைச் சுற்றி மை தடவியிருந்தது. கையை உயர்த்தி ஊளையிட வாயைத் திறந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் யாரும் வரவில்லை. “யாரைத் தம்பி தேடறே?” என்று கேட்டது. பதினெட்டு வயதுகூட இராது. என் அண்ணன் போன்ற ஒரு பையன். நான் பதில் சொல்லவில்லை. அவன் என் கையைப் பிடித்து, துணியைத் தூக்கி, பின்பக்கமாக வெளியே அழைத்துக்கொண்டு போனான்.

பின்பக்கத்தில் கொட்டகை முதலாளி ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார். பேயாக நின்ற பையன் அவர் காதில் ஏதோ சொன்னான். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மொட்டையடித்து இன்னும் சரியாக முடி வளராத தலையைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்திருக்கவேண்டும். ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். டீ வாங்கிவரச் சொன்னார். ஆறுதலாக ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. டீ ஆறுகிறவரையில் தம் தொழிலைப்பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பெரிய மனிதனிடம் பேசுவதுபோல.

“பேய்னா எல்லா ஊருக்கும் ஒண்ணுன்னு நினைக்கிறியா தம்பி? ஊருக்கு ஊர் மாத்தணும். கடலூர்ப் பக்கம் போனா, தண்ணியிலே ஊறின பொணம்னு ஒண்ணு வெச்சிருக்கேனே, அதை எடுத்துப் பெட்டியிலே வெச்சுடுவேன். அங்கே கடலுக்குப் போனவன் திரும்பி வராத வீடு இருக்கும். அவங்ககிட்டே அதைக் காட்டிக் காசு வாங்கலாமா? உங்க ஊரு இருக்கே, இது ஒரு தினுசு. மத்த ஊரிலே சடைமுடி, விபூதிப் பூச்சு, கையிலே மண்டையோடு, இப்படி ஒருத்தனை நிறுத்தினா பொம்பளைங்க அலறிடும். இங்கே அவனை நிறுத்தினேன், முதல் நாளு. உள்ளே போன கிழவி ‘சாமி’ன்னு கும்பிட்டு, தட்டு எங்கேன்னு கேட்டு நாலணா போட்டுட்டு வருது! அன்னிக்கு ராத்திரியே அந்த வேஷத்தைக் கலைச்சுட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆடிக்குப் பிறகு நான் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். வீட்டு வாசலில் சடைமுடியும் திருவோடுமாகத் தினம் பத்துச் சாமியார்களைப் பார்க்கிற ஊர் எங்களுடையது. எங்களை அதைக் காட்டியா பயமுறுத்துவது?

மறுநாள் தீபம். ஊர் முழுவதும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் நான் மறுபடியும் மைதானத்துக்கு ஓடினேன். உள்ளே போகவில்லை. கொட்டகையின் பின்பக்கத்தில் அந்தப் பையன் வேஷம் கட்டிக்கொண்டிருந்தான். வெள்ளைச் சட்டை இல்லை. கறுப்புக் கம்பளி ஒன்றைப் போர்த்திக்கொண்டிருந்தான். முதல் நாள் போட்டிருந்த சட்டையைத் துவைத்துக் கயிற்றில் காயப்போட்டிருந்தார்கள்.

ஒரு ரூபாய் கொடுக்கிற ஒரு பையனுக்காக, அதுவும் திருப்பிக் கொடுத்துவிட்ட ரூபாய்க்காக, அந்த மனிதர் ஏன் வேஷத்தை மாற்றினார்? எனக்காகத்தான் மாற்றினாரா, சட்டை அழுக்காயிற்று என்று மாற்றினாரா என்றுகூடக் கேட்டுவைக்கவில்லை. ஆனால் எழுத வந்த பிறகு, ஒரு கதையில் சாவு வருகிற இடத்தில் எல்லாம் அவருடைய மரப்பெட்டி ஞாபகம் வரும். எந்த ஊரில் எதைக் காட்டுவது என்பது பாதித் தொழில். எந்த ஊரில் எதைப் பெட்டியில் வைத்துவிடுவது என்பது மறுபாதி.

இருபத்தேழு வருஷம் கழித்து, 2018இல், அம்மாவை அழைத்துக்கொண்டு ஹாங்காங் போனேன். அக்காவின் வீட்டுக்காரருக்கு அங்கே உத்தியோகம். அம்மாவுக்கு அதுதான் முதல் ஆகாய விமானப் பிரயாணம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எங்களை டிஸ்னிலாந்துக்கு அழைத்துப் போனார். 2005இல் திறந்த பூங்கா அது. கட்டுகிறபோது சீன வாஸ்துக்காரரைக் கேட்டு, பிரதான வாசலைப் பன்னிரண்டு டிகிரி திருப்பி வைத்தார்களாம்; ரயிலடியிலிருந்து வருகிற நடைபாதையை நடுவில் வளைத்தார்களாம், உள்ளே வருகிற அதிர்ஷ்டம் நேரே ஓடிக் கடலில் விழுந்துவிடக் கூடாது என்று. மாமா இதைச் சொன்னதும் அம்மாவுக்குப் பூங்காவின்மேல் ஒரு மரியாதை உண்டாயிற்று. “மாப்பிள்ளை, விவரம் தெரிஞ்சவங்கதான் கட்டியிருக்காங்க” என்றாள்.

“உள்ளே ஒரு பேய் வீடு இருக்கும்மா” என்று சொல்லித்தான் அந்த மாளிகைக்கு அழைத்துப் போனேன். 2013இல் கட்டியது. உள்ளே பேய் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. தண்டவாளமே இல்லாமல் தானாகத் திரும்பித் திரும்பி ஊர்ந்து போகிற வண்டியில் உட்கார்ந்தோம். ஊர் ஊராகப் போய் அபூர்வப் பொருள்களைச் சேகரிக்கிற ஒரு வெள்ளைக்காரப் பிரபுவின் வீடாம் அது. அவர் வளர்க்கிற குரங்கு ஒன்று, மந்திர சக்தியுள்ள சங்கீதப் பெட்டி ஒன்றை விஷமத்துக்குத் திறந்துவிடுகிறது. அதிலிருந்து பொன்னிறத்தூள் போல ஏதோ பறந்து போய்ப்படுகிற பொருளெல்லாம் உயிர் பெற்று எழுந்து கூத்தடிக்கிறது.

குரங்கு பெட்டியைத் திறந்த உடனே அம்மா, “மூடுடா சனியனே!” என்று அதட்டினாள். எங்கள் மலையடிவாரத்தில் குரங்குகளோடு ஐம்பது வருஷம் குடித்தனம் நடத்தியவள்; தேங்காய் மூடியிலிருந்து தலைவலித் தைலம் வரை பறிகொடுத்தவள். முன்னால் உட்கார்ந்திருந்த சீனக் கிழவியும் அதே சமயத்தில் தன் பாஷையில் ஏதோ அதட்டினாள். கடைசி அறையில் பச்சை மரகதக்கல்லில் செய்த வானர ராஜா, கையில் கோலோடு. சீனர்களுடைய பழங்கதையின் நாயகன். அவன் கோலை உயர்த்தியதும் சூறாவளி வந்து சுவர்களைப் பிளந்துகொண்டு போகிறது. சுற்றியிருந்தவர்கள் கூவினார்கள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு “ஆஞ்சநேயா” என்றாள். அந்தப் பொம்மையைச் செய்தவன் திருவண்ணாமலையிலிருந்து ஒரு கிழவி வருவாளென்று எதிர்பார்த்திருக்க மாட்டான். ஆனாலும் அவளுக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்துவிட்டான்.

திரும்பி வருகிற ரயிலில் ஜன்னல்கள்கூட மிக்கி எலியின் தலை வடிவத்தில் இருந்தன. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

“பேய் வீடுன்னு சொன்னியே, பேயைக் காணோமே?” என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. மாமாதான் சொன்னார்: “இந்த ஊருக்கு வரும்போது பேயை எல்லாம் எடுத்துட்டாங்க அத்தை. செத்துப்போனவங்களை இவங்க நம்மளை மாதிரிக் கும்பிடறவங்க. வருஷா வருஷம் கல்லறைக்குப் போய்ச் சுத்தம் பண்ணிப் படையல் வைப்பாங்க. ஏழாவது மாசத்திலே, கேட்க நாதியில்லாம பசியோட திரியற ஆவிக்கெல்லாம்கூடச் சோறு வைப்பாங்க.”

“நம்ம மகாளயபட்சம் மாதிரி.”

“ஆமாம்.”

“பின்னே? வீட்டுப் பெரியவங்களை நிறுத்தி வெச்சுக் காசு வாங்கிக் காட்டினா நல்லாவா இருக்கும்?” என்றாள் அம்மா.

கடலூர்ப் பொம்மையைப் பெட்டியில் வைத்த மனிதரும், கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு மாளிகையிலிருந்து பேய்களை வெளியேற்றிய கம்பெனியும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள் என்று அந்த ரயிலில்தான் எனக்குத் தோன்றியது. ஒருவருக்குக் கொட்டகைக்குள் வந்த கிழவியும் பையனும் சொன்னார்கள். மற்றவர்களுக்கு யார் சொன்னார்களோ. உடனே அம்மாவிடம் 1991ஆம் வருஷத்துக் கதையைச் சொல்லிவிடவேண்டும் போலிருந்தது. இருபத்தேழு வருஷம் சொல்லாமல் வைத்திருந்ததை, சீனாக்காரர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, மெள்ளச் சொன்னேன். ஒரு ரூபாய், கொட்டகை, வெள்ளைச் சட்டை, டீ, எல்லாவற்றையும்.

அம்மா முழுக்கக் கேட்டாள். வெளியே கடல் தெரிந்தது.

“அஞ்சறைப் பெட்டியிலே வெச்ச ரூபாயா?” என்றாள்.

“ஆமாம்மா.”

“அப்பவே எண்ணிப் பார்த்தேன். ஒண்ணு குறைஞ்சுது. மறுநாள் பார்த்தா சரியா இருந்தது. எண்ணினதுதான் தப்புன்னு நினைச்சுக்கிட்டேன்.”

மாமா அக்காவிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறங்குகிற ஸ்டேஷன் வந்து நாங்கள் எழுந்திருக்கிற சமயத்தில், முந்தானையைச் சரி செய்துகொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

“என்னையும் கூப்பிட்டிருக்கலாம்டா.”

அமெரிக்காவில் அந்தக் குரல், ஆயிரமாவதுக்கு ஓர் இடம் காலி என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைக்கிறது என்று சொன்னேனல்லவா? அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அம்மா சொன்னதுதான் ஞாபகம் வருகிறது. கண்ணாடியில் பக்கத்து ஆசனத்தில் வந்து உட்காருகிற பேயைப் பார்த்து அலறுகிறவர்களும் உண்டு; சிரிக்கிறவர்களும் உண்டு. சற்றே நகர்ந்து இடம் விடுகிறவர்களும் எல்லா ஊரிலும் இருப்பார்கள். அவர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கும்போது மற்றவர்களைப் போலத்தான் இருப்பார்கள். கொட்டகைக்காரனுக்கு அவர்களை அடையாளம் தெரிய வேண்டும்.

போன கார்த்திகையிலும் எங்கள் மைதானத்தில் பேய் வீடு இருந்தது. இப்போது எலும்புக்கூடு மோட்டாரில் ஓடுகிறது. ஊளை ஒலிபெருக்கியில் வருகிறது. ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருகிற யாத்ரீகர்களுக்காக வாசலில் தெலுங்கிலும் எழுதியிருந்தார்கள். நான் உள்ளே போகவில்லை. வெளியே வருகிற வழியில் கொஞ்ச நேரம் நின்று, வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள்.